நுனி வெட்டிய அளவுப் பட்டை

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

பெரிய சந்தை தீப்பிடித்து மூன்று நாள் புகைந்ததே, டிராம் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்களே, அந்த வருஷம்தான் என் மருமகள் இந்த வீட்டுக்கு வந்தாள். உனக்கு அன்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனால் அவள் போட்டிருந்த உடுப்பு நான் வெட்டி அனுப்பிய காகித அளவுப் பட்டையை வைத்து நீ தைத்தது. கழுத்து கொஞ்சம் இறக்கம் என்று பெரியண்ணன் கூட முணுமுணுத்தார்.

நான் நன்றாக நடமாடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்ல என் பையன் எழுதுகிறான்.

அன்று அவள் அப்பா கையைப் பிடித்து நாலு பேர் சொன்னோம். என் வீட்டுக்காரி, உன் வீட்டுக்காரர், பெரியண்ணன், நான். "உங்க பொண்ணு இனி எங்க பொண்ணு, கவலைப்படாதீங்க" என்றோம். இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

பையன் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஆபீசுக்குப் போனாளாம். வந்து என்னிடம் சொல்கிறாள்: "மாமா, அங்க இவர் ஆபீஸே இல்ல. வேற போர்டு தொங்குது."

"அப்ப தினம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டு எங்கம்மா போறான், பூங்காவுக்கா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொன்றாக. ஒருநாள் அடுப்பை எரியவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இன்னொரு நாள் வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. கேட்டால் "நான் சாத்தினேன் மாமா" என்று அழுகிறாள். டாக்டர் கொடுத்த மாத்திரை என்று இவன் வாங்கி வந்து கொடுக்கிறான். தூங்கிக்கொண்டே இருக்கிறாள். அவளைப் பின்னறையில் விட்டுக் கதவைப் பூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருகிற பையன் என்னதான் செய்வான், பாவம்.

பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன். மை பரவிவிட்டது.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் போடுகிற சத்தத்தில் மெஷின் சத்தமே கேட்பதில்லை. எண்ணெய் விட வழி இருந்தால் சொல்லு.

உன் கடித உறையைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. எழுத்து மாறியிருந்தது. இத்தனை வருஷமாக உனக்குக் கடிதம் எழுதுகிறவள் அவள்தானே? குண்டு குண்டாக எழுதி, ஓரத்தில் உனக்குத் தெரியாமல், "மாமா மாத்திரை சாப்பிட்டதாகச் சொல்வது பொய்" என்று எனக்குக் குறிப்பு வேறு போடுவாள். அந்தப் பெண்ணுக்கா இப்படி?

எந்த டாக்டர்? என்ன நோய் என்று சொன்னார்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு இரண்டு வரி அவள் கையால் எழுதச் சொல்லு. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நான் வேண்டுமானால் புறப்பட்டு வரட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். பையனுக்கு என் அன்பு.

தங்கச்சி


ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது.

என் மகனுக்கும் மருமகளுக்கும் பதினொரு ஆண்டுகளுக்கு முன், மே மாதம் 14ஆம் தேதி திருமணம் நடந்தது நீ அறிந்ததே. அன்று முதல் இன்று வரை அவன் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. தற்போது அவள் சிறந்த மருத்துவரின் கவனிப்பில் இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். கை நடுக்கம் இருப்பதால் எழுத இயலாது. புதியவர்களைக் கண்டால் பதற்றம் அதிகமாகும் என்று மருத்துவர் கூறியிருப்பதால் நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன் (பெருவிரல் ரேகை)


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். நீ எழுதியதைப் படித்து மனசு ஆறியது. நல்ல டாக்டர் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம். நான் வரவில்லை, இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே வருவது.

ஒன்றே ஒன்று. அவள் சதை போட்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். பழைய சட்டையெல்லாம் இறுக்கிப் பிடிக்குமே, பாவம். நல்ல பருத்தித் துணி ஒன்று மிச்சம் இருக்கிறது. இரண்டு சட்டை தைத்து அனுப்புகிறேன். இன்ச் டேப் நம்பர் எனக்கு வேண்டாம், அதை வைத்துத் தைத்து எனக்குப் பழக்கமில்லை. நம் தையல் கடையில் செய்வாயே, அந்தமாதிரி உன் கையால் அளந்து, காகிதப் பட்டையில் வெட்டுப் போட்டு அனுப்பு. கை மறந்துவிட்டதா என்று பார்க்கலாம்.

எல்லாருக்கும் என் அன்பு.

தங்கச்சி


மே 16

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட காகிதப் பட்டை இத்துடன் இருக்கிறது. அப்பா அரைமணி நேரம் அளந்து, பழைய செய்தித்தாளைக் கத்தரித்து, எலி கடித்ததுபோல ஏதோ வெட்டி வைத்தார். உங்களுக்குப் புரிந்தால் சரி.

அத்தை, இதைத் தனியாக உங்களுக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கும் இப்போது ஞாபகம் தடுமாறுகிறது. நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். வயது எழுபத்தொன்பது ஆகிறதே. இனி அவர் ஏதாவது சொன்னதாக உங்கள் காதுக்கு வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நோயாளிகளை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டை உங்களுக்குத் தவிர யாருக்கு எழுதுவேன்?

உங்கள் அன்பு மருமகன்


ஜூன் 2

பொத்தான் கடை அம்மாவுக்கு வணக்கம்.

என் அண்ணன் கடை வைத்திருந்த காலத்தில் உங்களிடம்தான் நூலும் பொத்தானும் வாங்குவோம். நினைவிருக்கும் என்று நம்புகிறேன். கீழே எழுதியிருப்பதை அண்ணன் தனியாக உங்கள் கடைக்கு வரும்போது அவருக்கு மட்டும் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

அண்ணா, நீ நன்றாக இருக்கிறாயா? நிஜமாகவே கேட்கிறேன்.

ஏப்ரலில் வந்த கடிதத்தில் நீ இல்லை. நீ பேசினால் சந்தை எரியும், தண்டவாளம் பெயரும். மே 14ஆம் தேதி என்று பிறந்ததிலிருந்து உன் வாயில் வந்ததில்லை. அதனால்தான் பட்டை கேட்டேன். பள்ளிக்கூடம் போன உன் பையன் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவனுக்கு அது எலி கடித்த காகிதம்.

கல்யாணப் பட்டை என் டப்பாவில் இருந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தோள் அப்படியே பொருந்துகிறது. மார்புச் சுற்று நாலு விரல் குறைவு. இடுப்பு ஐந்து விரல். மேல்கை ஒரு சின்னப் பெண்ணின் கை. தோள் எலும்பு இளைக்காது, அண்ணா. தோள் சரியாக இருப்பதால் நீ தப்பாக அளக்கவில்லை என்று தெரிகிறது. இதுதான் சதை போட்ட உடம்பா?

பட்டையின் நுனியைச் சாய்வாக வெட்டியிருக்கிறாய். நம் கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ சரியில்லை, துணியில் கத்தரி வைக்காதே, ஆளை நேரில் பார். எனக்கு அது மறக்கவில்லை.

என்ன நடக்கிறது அங்கே? இன்னொன்று: அவன் பகலெல்லாம் வெளியே இருக்கிறான் என்றால், அந்தக் கதவைப் பூட்டுவது யார்?

தங்கச்சி


ஜூன் 20

அன்புத் தங்கச்சிக்கு,

பொத்தான் கடை அம்மா எழுதுகிறார். கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருக்கிறார். உன் முழங்கால் எப்படி என்று கேட்டு எழுதச் சொல்கிறேன்.

அளவெடுக்கும்போது பையன் பக்கத்திலேயே கைகட்டி நின்றான். தோளில் பட்டையை வைத்தேன், எலும்பு குத்தியது. அவன் டெலிபோன் மணி கேட்டு நகர்ந்த நேரத்தில் அவள் என் காதில், "மாமா, நான் சொல்றத நம்ப வேணாம். ஒரு நாள் அவர் பின்னாடி போய்ப் பாருங்க, போதும்" என்றாள். தூக்க மாத்திரையில் நாக்கு குழறியது. ஆனால் புத்தி குழறவில்லை. அப்போதுதான் நுனியை வெட்டினேன்.

நேற்று முன்தினம்தான் போனேன். அவன் ஏறிய பச்சை வண்டியிலேயே பின்வாசலில் ஏறினேன். ஆபீஸ் இருக்கும் தெருவுக்கு வண்டி போவதற்கு முன்பே, பேருந்து நிலையத்தில் இறங்கினான். மூன்றாவது சிமெண்டு பெஞ்சு. அங்கே உட்கார்ந்தான். ஒரே செய்தித்தாளைக் காலையிலும் படித்தான், மத்தியானமும் படித்தான். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். குழாயில் கழுவினான். நான் பழக்கடைக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடைக்காரரைக் கேட்டேன். "அவரா? ஒரு வருஷமா வர்றாரு. நல்ல மனுஷன், தொந்தரவு கிடையாது" என்றார்.

ஐந்தரை மணிக்கு எழுந்தான். தலைமுடியைக் கையால் கலைத்துக்கொண்டான். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். வேலை பார்த்துக் களைத்தவன் மாதிரி. தங்கச்சி, பெஞ்சில் உட்கார்ந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். முடியைக் கலைத்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் ஞாபகம் வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்த அன்று அவள் ஏற்கெனவே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஷூ போட்டுக்கொண்டிருந்தவன் ஒரு ஷூவோடு சமையலறைக்குள் போய் வந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தைத்த கோட்டின் கை நீளம் சொல்லுவேன், இதை மட்டும் மறந்துவிட்டேன். மறப்பது வசதியாக இருந்தது.

ஆபீசை மூடினதை வீட்டில் சொல்ல வெட்கம். கண்டுபிடித்தவளைப் பைத்தியம் ஆக்கினான். டாக்டரும் இல்லை. மாத்திரை எங்கே வாங்குகிறான் என்று தெரியவில்லை.

அண்ணன்

(பொத்தான் கடையிலிருந்து நான் எழுதுவது: கதவைப் பூட்டுவது யார் என்று நீங்கள் கேட்டதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். "அது பூட்டித்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.)


ஜூன் 28

அண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. எட்டாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். முழங்கால் வந்தால் வரட்டும், வராவிட்டால் அதை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.

நான் வரும்வரை காத்திருக்காதே. இதைப் படித்துக் காட்டிய நிமிஷமே போய்க் கதவைத் திற. மாத்திரையைக் கொட்டு. கஞ்சியோ ரொட்டியோ, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. பொத்தான் கடை அம்மாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போ. தனியாக அவனிடம் பேசாதே.

ஒரு கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. வந்து கேட்கிறேன்.

தங்கச்சி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடனே எழுதவில்லை, மன்னித்துவிடு. படிக்கட்டு ஏறியதில் ஒரு மாதம் படுக்கை. நீ எப்படி இருக்கிறாய்? அவள் எப்படி இருக்கிறாள்? நான் வந்து நிஜ டாக்டரிடம் அழைத்துப் போனபோது, அவர் எடை மெஷினைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே, அது என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது இதைக் கேள். உன் பையன் எனக்கு எழுதியிருக்கிறான். எந்த ஊரில் இருக்கிறான் என்று போடவில்லை. இன்னமும் அவளுக்குத்தான் புத்தி சரியில்லையாம், தன்னை எல்லாரும் சேர்ந்து வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்களாம். அதோடு விட்டானா? "பூட்டியது நான் இல்லை அத்தை, அப்பாதான். வேண்டுமானால் அவரையே கேளுங்கள்" என்று எழுதுகிறான். வாயைத் திறந்தால் பொய். நான் அங்கே இருந்தபோது உன்னை இரண்டு தடவை கேட்டேன், நீயும் "அவன்தான்" என்று சொன்னாய், எனக்கு அது போதும். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் சொன்னதை யோசித்தீர்களா? எனக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆள் வேண்டும். அவளுக்குக் கை நடுக்கம் குறைந்திருந்தால் இங்கே வந்துவிடட்டும். நீயும் வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் தனியாக என்ன செய்யப்போகிறாய்?

இருவருக்கும் என் அன்பு.

தங்கச்சி


செப்டம்பர் 17

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். பழையபடி குண்டு குண்டாக மருமகள்தான் எழுதுகிறாள். உன் கடிதத்தையும் அவள்தான் படித்துக் காட்டினாள். பையன் எழுதிய வரி வந்த இடத்தில் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். இன்று காலையில்தான், "காகிதத்தை எடும்மா, தங்கச்சிக்கு எழுதணும்" என்றேன்.

நீ வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன் அல்லவா? அதில் ஒன்றை விட்டுவிட்டேன். உன் கடிதம் கேட்டுக் கதவைத் திறந்த அன்று, ஆறு மணிக்கு அவன் முடியைக் கலைத்துக்கொண்டு வந்தான். கதவு திறந்திருந்தது. அவள் கூடத்தில் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பொத்தான் கடை அம்மா பக்கத்தில்.

"யாரு திறந்தது?" என்றான்.

"மூணாவது பெஞ்சு இன்னிக்கு வெயிலா இருந்துச்சா?" என்றேன்.

அவன் முகம் செத்துப்போனது. டப்பாவைக் கீழே வைத்தான். அப்புறம் சட்டைகளை எடுத்துப் பையில் போட்டான். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "எல்லாம் சரிப்பா, சாவி யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டான். அவன் போய்விட்டான். உனக்குச் சொன்னபோது அந்தக் கேள்வியை மட்டும் வெட்டிவிட்டேன்.

அவன் பொய்யன்தான். ஆனால் உனக்கு எழுதியதில் அந்த ஒரு வரி நிஜம். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஐந்து மாதம். அவன் ஒன்பது மணிக்குப் படியிறங்குவான். நான் போய்ப் பூட்டுவேன். "பூட்டிட்டியாப்பா?" என்று கீழேயிருந்து கேட்பான், "ஆச்சுப்பா" என்பேன். முதல் மூன்று மாதம் நம்பிப் பூட்டினேன். அதை விடு. பட்டையின் நுனியை வெட்டிய பிறகும் பூட்டினேன். அவன் பின்னால் பேருந்து நிலையத்துக்குப் போனேனே, அன்றும் பூட்டிவிட்டுத்தான் போனேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பழக்கடைக்குப் பின்னாலிருந்து எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், சாவி பையில் கனத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் உன் கடிதம் வரும்வரை பூட்டினேன். ஏன் என்று கேட்டால், திறந்தால் என் பையன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"மாமா, இதெல்லாம் எழுதணுமா?"

"எழுதும்மா."

"நீங்க நல்லவர்னு அவங்க நெனச்சிட்டு இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டுமே."

"எழுது."

அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். பிறகு, "அப்ப முழுசா எழுதணும். நான் உள்ளேருந்து கதவைத் தட்டினேன். தண்ணி கேட்டேன். நீங்க ரேடியோவச் சத்தமா வெச்சீங்க. ஒரு நாள் இல்ல, பல நாள். அதையும் எழுதவா?" என்று கேட்டாள்.

"எழுது" என்றேன். எழுதிவிட்டாள். அவள் சொன்னது சரி. ரேடியோவில் அந்த நேரத்துக்கு என்ன ஓடியது என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நீ இங்கே இருந்த பன்னிரண்டு நாளும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் "அவன்தான்" என்று சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்று கேட்டேன். "நீங்களா சொல்றீங்களான்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றாள்.

அவள் உன்னிடம் வருகிறாள். வரும் மாதம் ஐந்தாம் தேதி ரயில். தேதியை அவளாகத்தான் போட்டாள். காஜா நன்றாக எடுப்பாள், கை நடுக்கம் நின்றுவிட்டது. பருத்தித் துணியை இப்போது வெட்டலாம். புதுப் பட்டை அவளே கொண்டுவருவாள். நேற்று அளந்தேன், நுனியை நேராக விட்டிருக்கிறேன். என்னையும் கூப்பிட்டிருந்தாய். இதைப் படித்த பிறகும் கூப்பிடுவாயா என்று கேட்க மாட்டேன். மாடி அறையை அவளுக்குக் கொடு. அதற்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் போட்டுவை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பெருவிரல் வைத்துவிட்டேன். அவள் முழுவதையும் திருப்பிப் படித்துக் காட்டினாள். நான் சொன்னதில் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. இன்னும் ஏதாவது இருக்கிறதா மாமா என்று கேட்கிறாள். இருக்கிறது.

அன்று அவள் அப்பா கையைப் பிடித்து, "உங்க பொண்ணு இனி எங்க பொண்ணு" என்று சொன்னவர்கள் நாலு பேர். என் வீட்டுக்காரி ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்த வருஷம் போனாள். உன் வீட்டுக்காரர் அதற்கடுத்த குளிரில். பெரியண்ணன் சென்ற வருஷம், தூக்கத்திலேயே. எங்கள் பேச்சை நம்பிக் கையை நீட்டிய அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நாலு பேரில் இன்னும் உயிரோடு இருப்பது நான்.